கரண்ட் பில்லைக் குறைக்க: தமிழ்நாட்டு வீடுகளுக்கான கேள்வி–பதில்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வந்ததும் பல வீடுகளில் ஒரு சின்ன விசாரணை நடக்கும். பாத்ரூம் லைட்டை அணைக்காதது யார், ஏ.சி.யை 18-ல் வைத்தது யார் என்று. பெரும்பாலும் தப்பான ஆள்தான் மாட்டிக்கொள்வார். எது உண்மையில் யூனிட்டைத் தின்கிறது, எதைக் குறைத்தால் பணமாகத் தெரியும் என்பதற்காகவே இந்தக் கேள்வி–பதில்.

கீழே வரும் கணக்கெல்லாம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டு இணைப்புக் கட்டணத்தை வைத்துப் போட்டவை. 2025 ஜூலையில் கட்டணம் ஏறியபோது வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது. பின்னால் கட்டணம் மாறினால் புது எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் வழி அதேதான்.

பில் தொகை எப்படி வருகிறது?

இரண்டு மாதத்தில் ஓடிய மொத்த யூனிட்டை வைத்து. ஒரு யூனிட் என்பது 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் மின்சாரம். முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். 2016 மே மாதம் ஜெயலலிதா மீண்டும் முதல்வராகப் பதவியேற்ற அன்று கையெழுத்திட்ட உத்தரவு இது. அதற்கு மேல், மொத்தம் 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, 401 முதல் 500 வரை ரூ.6.30.

500-ஐத் தாண்டிய வீட்டுக்குக் கணக்கே வேறு. 101-லிருந்து 400 வரை எல்லாமே ரூ.4.70. அதாவது அந்த ரூ.2.35 சலுகை போய்விடும். 401–500 ரூ.6.30, 501–600 ரூ.8.40, 601–800 ரூ.9.45, 801–1000 ரூ.10.50, அதற்கு மேல் ரூ.11.55.

ஒரு யூனிட் கூடினால் பில் எகிறிவிடும் என்கிறார்களே, உண்மையா?

500-ல் மட்டும் உண்மை. சரியாக 500 யூனிட் ஓடினால் பில் ரூ.1,805. 501 ஓடினால் ரூ.2,048. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய். மற்ற எல்லைகளில் இப்படி இல்லை. 400-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும்தான் கூடுதல் விலை.

சேமிப்பைப் பற்றி யோசிக்கும்போது மனதில் வைக்க வேண்டியது இதுதான்: நீங்கள் மிச்சம் பிடிப்பது எப்போதும் கடைசி யூனிட்டை, அதாவது இருப்பதிலேயே விலை கூடிய யூனிட்டை. 620 யூனிட் ஓடும் வீட்டின் பில் ரூ.3,069. அதையே 490-க்குக் கொண்டுவந்தால் ரூ.1,742. 130 யூனிட் குறைந்ததற்கு 1,327 ரூபாய், யூனிட்டுக்குப் பத்து ரூபாய்க்கு மேல். ஆனால் 250 யூனிட் ஓடும் வீட்டில் 30 யூனிட் குறைத்தால் மிச்சம் 141 ரூபாய். அந்த வீட்டுக்காரர் புது ஃபிரிட்ஜ், புது ஏ.சி. என்று செலவு செய்து மிச்சம் பிடிக்கப் பார்ப்பது வீண் வேலை. பக்கத்து வீட்டில் பலித்தது உங்கள் வீட்டில் பலிக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

500-க்குள் நிற்கிறோமா என்று பில் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். ரீடிங் எடுத்த தேதியும் அளவும் உங்களுக்குத் தெரியும். வெள்ளை அட்டையில் எழுதியிருப்பார்கள், அல்லது மொபைலுக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கும். முப்பதாவது நாள் மீட்டரைப் பாருங்கள். 250-க்கு மேல் ஓடியிருந்தால் மீதி நாளில் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஐம்பதாவது நாள் இன்னொரு முறை பாருங்கள். அப்போது 440 என்று இருந்தால் மிச்சமுள்ள பத்து நாளுக்கு ஒரு நாளைக்கு 6 யூனிட்தான். 510-ல் முடியவேண்டியதை 490-ல் முடித்தால் 382 ரூபாய் மிச்சம். இருபது யூனிட்டுக்கு இவ்வளவு தருவது வேறெதுவும் இல்லை.

மீட்டர் திரையில் எண்கள் மாறி மாறி வரும். தேதி, நேரம், வோல்டேஜ் எல்லாம் காட்டும். அதில் யூனிட் வரும் வரை காத்திருந்து போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் ரீடிங் பற்றித் தகராறு வந்தாலும் உதவும்.

எந்தச் சாதனம் எவ்வளவு இழுக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கான கருவி ஏற்கெனவே உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. எலெக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். மீட்டர் முகப்பில் 3200 என்றோ 1600, 6400 என்றோ ஒரு எண் அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை முறை சிமிட்டும் என்று அர்த்தம். 3200 மீட்டர் என்றால், ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணி 18.75-ஆல் பெருக்குங்கள். அப்போது வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் வாட் அளவு கிடைக்கும். 1600 மீட்டருக்கு 37.5-ஆல் பெருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒருவர் மீட்டரிடம், ஒருவர் ஸ்விட்சிடம். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் இந்த வேலையைக் கொடுத்துவிடலாம், ஆர்வமாகச் செய்வார்கள். பழைய ஃபேன் ஒன்றுக்கு நிமிடத்துக்கு நாலு சிமிட்டல். 2000 வாட் கீசரைப் போட்டால் எண்ணவே முடியாத வேகத்தில், நூறுக்கு மேல். வெறும் எல்.இ.டி. பல்பு ஒன்றுக்கு அடுத்த சிமிட்டல் வர இரண்டு நிமிடம் போலக் காத்திருக்க வேண்டும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் அதன்பிறகு பல்புக்காகச் சண்டை போடமாட்டார்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. இரண்டு மூன்று நாள் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் கிளம்பும்போதும் திரும்பியதும் ரீடிங் பாருங்கள். ஆளே இல்லாத வீட்டில் ஒரு நாளைக்கு 2 யூனிட் ஓடியிருந்தால், இரண்டு மாதத்துக்கு 120. இலவச யூனிட் முழுவதையும் ஃபிரிட்ஜும் வைஃபை ரவுட்டரும் செட்டாப் பாக்ஸுமே சாப்பிட்டு முடிக்கின்றன.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் சிமிட்டுகிறதே?

முதலில் டி.வி., செட்டாப் பாக்ஸ், ரவுட்டர், இன்வெர்ட்டர் எல்லாவற்றின் பிளக் ஸ்விட்சும் அணைந்திருக்கிறதா பாருங்கள். ரிமோட்டில் அணைத்தது அணைத்ததாகாது. அதன்பிறகும் சிமிட்டினால் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். சிமிட்டல் நின்றால் கோளாறு வீட்டு வயரிங்கில். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ஏனென்றால் இது பணப் பிரச்சினை மட்டுமல்ல, ஷாக் அடிக்கும் பிரச்சினையும்கூட. மெயினை அணைத்தும் சிமிட்டினால் மீட்டரிலோ இணைப்பிலோ கோளாறு. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், அல்லது மின்னகம் சேவை மையத்தை 94987 94987 எண்ணில் அழையுங்கள்.

ரிமோட்டில் அணைத்து வைத்த சாதனங்களால் அப்படி என்ன நஷ்டம்?

சாதனத்தைப் பொறுத்தது. போன் சார்ஜரைச் சுவரில் விட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. தினமும் போனை முழுதாகச் சார்ஜ் செய்தாலே இரண்டு மாதத்துக்கு ஒரு யூனிட், ஒன்றரை யூனிட்தான். ஆனால் செட்டாப் பாக்ஸ் அணைத்து வைத்த நிலையிலும் பெரும்பாலும் விழித்துக்கொண்டுதான் இருக்கும். 10 வாட் இழுத்தால் 60 நாளுக்கு 14 யூனிட். ரவுட்டரும் அப்படியே. இரவில் இரண்டையும் பிளக்கில் அணைத்தால் சேர்த்து ஒன்பது, பத்து யூனிட் மிச்சமாகும்.

மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின்?

விட்டுவிடுங்கள். 750 வாட் மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடினால் 0.06 யூனிட். கிரைண்டரில் இட்லி மாவு அரைக்க 0.1, 0.2 யூனிட்தான் ஆகும். வாஷிங் மெஷினில் வெந்நீர் வைத்துத் துவைக்கும் வசதி இருந்தால் அதை மட்டும் அணைத்துவிடுங்கள்.

ஃபேனை மாற்றினால் லாபம் உண்டா?

நம் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய பதில் இது ஒன்றுதான்: உண்டு. ஃபேன் நமக்கு வருஷம் முழுக்க ஓடுகிறது. மார்கழியிலும் ஒன்றாம் எண்ணில் ஓடவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்குகிற ஆட்கள் நாம். சாதாரண ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை மோட்டார் வைத்தது) முழு வேகத்தில் 28 முதல் 35 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்குச் சுமார் 40 யூனிட் குறையும். ரூ.4.70 கட்டத்தில் இருக்கும் வீட்டுக்கு அது 190 ரூபாய், ரூ.8.40 கட்டத்தில் 340 ரூபாய். ஹாலிலும் படுக்கையறையிலும் இருக்கும் இரண்டு ஃபேனை மட்டும் மாற்றினாலே 550-ல் ஓடும் வீடு 500-க்குள் வந்துவிடும். விருந்தினர் அறை ஃபேனைத் தொட வேண்டாம். வருஷத்துக்குப் பத்து நாள் ஓடுகிற ஃபேனில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

இந்த ஃபேனை வாங்கினால் பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். வேகம் மாற்ற ரிமோட்டே போதும். இன்னும் பெட்டி போன்ற பெரிய பழைய ரெகுலேட்டர் இருக்கும் வீடுகளில் அது சூடாவதைத் தொட்டுப் பார்க்கலாம். வேகத்தைக் குறைத்தால் மிச்சமாக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு அந்தச் சூடாகத்தான் போகிறது. ஃபேனை மாற்றாவிட்டாலும் அதை எலெக்ட்ரானிக் ரெகுலேட்டராக மாற்றுங்கள்.

டியூப் லைட்டை மாற்றுவது?

பழைய 40 வாட் டியூபும் அதன் சோக்கும் சேர்ந்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும், எல்.இ.டி. டியூப் 20 வாட். ஆறு மணி நேரம் எரிகிற இடத்தில் இரண்டு மாதத்துக்குப் பத்துப் பதினொன்று யூனிட் குறையும். 2015-ல் மத்திய அரசின் உஜாலா திட்டம் வந்த பிறகு எல்.இ.டி. பல்பு விலை வெகுவாக இறங்கிவிட்டது. இன்னும் மாற்றாமல் இருக்கக் காரணமில்லை.

ஏ.சி.யை எத்தனை டிகிரியில் வைப்பது?

26, கூடவே ஃபேன் இரண்டாம் எண்ணில். சாதனங்களுக்கு ஸ்டார் லேபிள் கொடுக்கும் மத்திய அரசின் ஆற்றல் திறன் பணியகம் (BEE) ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் குறையும் என்கிறது. 2020 ஜனவரி முதல் விற்கப்படும் ஏ.சி.கள் போட்டதும் 24-ல்தான் தொடங்க வேண்டும் என்று அந்தப் பணியகத்தோடு கலந்து மத்திய அரசு விதியே கொண்டுவந்தது. நாம்தான் ரிமோட்டை எடுத்து 18-க்கு இறக்குகிறோம்.

18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நம்பி அப்படிச் செய்கிறார்கள். பழைய வகை ஏ.சி.யில் கம்ப்ரஸருக்கு ஒரே வேகம்தான்; 18-ல் வைத்தாலும் 25-ல் வைத்தாலும் அறை ஒரே வேகத்தில்தான் குளிரும், 18-ல் வைத்தால் கம்ப்ரஸர் நிற்காது, அவ்வளவுதான். இன்வெர்ட்டர் ஏ.சி.யில் தொடக்கத்தில் கொஞ்சம் வேகம் கூடலாம். ஆனால் தூங்கிப் போனபின் யார் எழுந்து ஏற்றி வைக்கிறார்கள்? விடியற்காலை நாலு மணிக்குப் போர்வையைத் தேடுகிற வீட்டில் டைமர் போட்டு மூன்றரைக்கு ஏ.சி.யை நிறுத்திவிடலாம். அறை குளிர்ந்திருப்பதால் மிச்ச நேரத்துக்கு ஃபேன் போதும்.

அப்புறம் அந்த வடிகட்டி. முன்பக்க மூடியைத் தூக்கினால் கையோடு வந்துவிடும் வலைத் தட்டுதான். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் காட்டிக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். சாலையோர வீடுகளில் அதில் கம்பளி மாதிரி தூசி படிந்திருக்கும். காற்று வராமல் கம்ப்ரஸர் சும்மா உழைத்துக்கொண்டிருக்கும். ஆள் வைத்து சர்வீஸ் செய்வது வருஷத்துக்கு ஒருமுறை போதும், இதை நாமே செய்ய வேண்டும்.

300 யூனிட்டில் ஓடுகிற வீட்டின் பில் ரூ.705. அக்கினி நட்சத்திரத்தை ஒட்டிய இரண்டு மாதத்தில் ஒன்றரை டன் ஏ.சி. இரவு எட்டு மணி நேரம் ஓடி 280 யூனிட் கூட்டினால் பில் ரூ.2,712. ஏ.சி.க்கு மட்டும் இரண்டாயிரம். அதே வீட்டில் 26 டிகிரியும் டைமரும் சேர்ந்து 80 யூனிட்டைக் குறைத்தால் சரியாக 500-ல் நின்று ரூ.1,805 ஆகும்.

ஐந்து ஸ்டார் ஏ.சி. வாங்குவதா, மூன்று ஸ்டாரா?

எத்தனை இரவு போடுவீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏ.சி.யில் ஒட்டியிருக்கும் லேபிளில் 1600 மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். 2025 வரையிலான லேபிளில் ஒன்றரை டன்னுக்கு ஐந்து ஸ்டார் என்றால் சுமார் 750, மூன்று ஸ்டார் என்றால் 950–1000. வருஷத்தில் 200 இரவு எட்டு மணி நேரம் போடுகிற சென்னை வீட்டுக்கு இருநூறு யூனிட்டுக்கு மேல் மிச்சம், ரூ.8.40 கட்டத்தில் 1,700 ரூபாய்க்கு மேல். கூடுதல் விலை எட்டாயிரம் என்றாலும் ஐந்து வருஷத்துக்குள் வந்துவிடும். சித்திரை, வைகாசியில் மட்டும் போடுகிற வீட்டுக்கு மிச்சம் அறுபது, எழுபது யூனிட்தான். அவர்கள் மூன்று ஸ்டாரே வாங்கலாம். கடைக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஸ்டாரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஸ்டார் அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். சில வருஷம் முன் ஐந்து ஸ்டாராக இருந்தது இன்றைக்கு மூன்று ஸ்டாராக இருக்கலாம். லேபிளில் எந்த ஆண்டு என்றும் யூனிட் எண்ணிக்கை எவ்வளவு என்றும் பாருங்கள்.

மேல் மாடி வீடு. ராத்திரி பத்து மணிக்கும் சுவர் கொதிக்கிறது. என்ன செய்யலாம்?

கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் உங்கள் தலைமேல் இறக்குகிறது. ஆகவே வெயில் தளத்துக்குள் போகாமல் வெளியிலேயே தடுக்க வேண்டும். மொட்டை மாடிக்கு வெள்ளை அடிப்பது இருப்பதிலேயே மலிவான வழி. சுண்ணாம்பு அடித்தால் ஒரு மழைக்காலம் தாண்டாது, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்ட் சில வருஷம் வரும். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் தட்டோடு பதிக்கத் தயங்காதீர்கள்.

மேற்கு ஜன்னலுக்கு உள்ளே கனமான திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டியோ பச்சை வலையோ கட்டுவது மேல். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் வந்ததுதான், திரை அதைத் திருப்பி அனுப்பாது.

ஃபிரிட்ஜை ராத்திரியில் அணைத்து வைத்தால்?

வேண்டாம். காலையில் போட்டதும் இழந்த குளிரை மறுபடி பிடிக்க ஓடும். மாவும் பாலும் புளிக்கும், மிச்சம் ஒன்றும் பெரிதாக இருக்காது. பின்பக்கத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் இடம் விடுங்கள். சாம்பார், ரசம் ஆறிய பிறகு வையுங்கள். கதவு ரப்பரைச் சோதிக்க, ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. முழு ஃபிரிட்ஜை மாற்ற வேண்டாம், ரப்பரை மட்டும் மாற்றலாம்.

கீசர்?

தண்ணீரைச் சூடாக்குவதில் தந்திரம் எதுவும் இல்லை. 20 லிட்டர் பக்கெட் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 40-க்கு ஏற்ற 0.28 யூனிட் வேண்டும். கீசரானாலும் வாட்டர் ஹீட்டர் ராடானாலும் அதேதான். ராடில் மிச்சமாகும் என்று நினைத்து உயிரைப் பணயம் வைக்காதீர்கள். நாலு பேர் தினமும் ஒரு பக்கெட் வெந்நீரில் குளித்தால் இரண்டு மாதத்துக்கு 67 யூனிட். ஷவரில் பத்து நிமிடம் நின்றால் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகும்.

கீசரைப் போட்டுவிட்டு மறந்துபோவதில்தான் நஷ்டம். 25 லிட்டர் தொட்டியை 60 டிகிரிக்கு ஏற்றி, அது ஆற ஆற மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கும். சூட்டை 50-க்குக் குறைத்து வையுங்கள், குளிக்கக் கால்மணி நேரம் முன்பு போட்டு, போனதும் அணையுங்கள். மதுரையிலோ சென்னையிலோ ஏப்ரல், மே மாதத்தில் மதியக் குழாய்த் தண்ணீரே கையைச் சுடும். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது.

தண்ணீர் மோட்டாருக்கு நிறைய ஆகுமா?

ஒரு எச்.பி. மோட்டார் ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுக்கும். தினம் அரை மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். திடீரென்று ஒரு மணி நேரம் ஓடினால்தான் தொட்டி நிறைகிறது என்றால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, கீழே உள்ள ஃபுட் வால்வு. ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றி ஊற்றி மோட்டாரை எடுக்க வேண்டியிருந்தால் அது கசிகிறது. இன்னொன்று கழிவறை ஃபிளஷ் தொட்டி. சத்தமில்லாமல் நாளெல்லாம் உள்ளே வழிந்துகொண்டிருக்கும். தொட்டியில் கொஞ்சம் மஞ்சள் தூளைக் கரைத்துவிட்டு அரை மணி கழித்துக் கீழே கோப்பையில் நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வாஷர் போய்விட்டது.

கேஸ் விலைக்கு இண்டக்ஷன் அடுப்பே மேல் என்கிறார்களே?

பாதி வீடுகளுக்கு உண்மை, பாதி வீடுகளுக்குப் பொய். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் செய்யும் சமையலை இண்டக்ஷனில் செய்யச் சுமார் 125 யூனிட் ஆகும். சென்னையில் சிலிண்டர் விலை 2025 ஏப்ரலில் ரூ.868.50. ஒரு சிலிண்டர் இரண்டு மாதம் வருகிற வீடு என்று வைத்துக்கொள்வோம்.

பில் 250 யூனிட்டில் இருந்தால், 125 கூடி 375 ஆகும். கூடுதல் செலவு 587 ரூபாய். இண்டக்ஷன் லாபம். 450-ல் இருக்கும் வீடு 575-க்குப் போனால் பில் ரூ.1,490-லிருந்து ரூ.2,670 ஆகும். 1,180 ரூபாய் கூடுதல், அதாவது சிலிண்டரைவிட முந்நூறு ரூபாய் அதிகம். ஆகவே குறைவாக ஓடும் வீட்டுக்கு இண்டக்ஷன், ஏ.சி. ஓடும் வீட்டுக்கு கேஸ். கோடையில் கேஸ், ஐப்பசி கார்த்திகையில் இண்டக்ஷன் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதும் கெட்டிக்காரத்தனம்தான்.

பிளக்கில் மாட்டினால் 30 சதவீதம் குறையும் என்று ஒரு பெட்டி விற்கிறார்களே?

வாங்காதீர்கள். உள்ளே ஒரு கெபாசிட்டரும் பச்சை விளக்கும் இருக்கும். அது சரிசெய்வதாகச் சொல்லும் விஷயத்துக்கு வீட்டு இணைப்பில் காசே வாங்குவதில்லை. நீங்கள் கட்டுவது ஓடிய யூனிட்டுக்கு மட்டும். அந்தப் பச்சை விளக்குக்கும் சேர்த்து மீட்டர் ஓடும்.

சோலார் போட்டால் போட்ட காசு வருமா?

பில் பெரிதாக இருந்தால் சீக்கிரம் வரும், சின்னதாக இருந்தால் இப்போதைக்கு வராது. நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளைக்குச் சராசரியாக நாலு யூனிட் தரும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், இரண்டுக்கு 60,000-மும், மூன்றும் அதற்கு மேலும் 78,000-மும் மானியம்.

இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடும் வீட்டின் பில் ரூ.5,820. இரண்டு கிலோவாட் போட்டால் 480 யூனிட் கழிந்து 420-க்கு மட்டும் கட்டுவீர்கள்: ரூ.1,301. வருஷத்துக்கு 27,000 ரூபாய் மிச்சம். மொத்தச் செலவு ஒன்றரை லட்சம் என்றாலும் மானியம் போக மூன்றரை வருஷத்தில் எடுத்துவிடலாம். ஆனால் 300 யூனிட் வீட்டில் ஒரு கிலோவாட் போட்டு பில்லைச் சுத்தமாக இல்லாமல் செய்தாலும் வருஷத்துக்கு மிச்சம் 4,230 ரூபாய்தான். மானியம் போக நாற்பதாயிரம் செலவென்றால் ஒன்பது வருஷத்துக்கு மேல். அந்தப் பணத்தில் முதலில் ஃபேனை மாற்றலாம்.

பக்கத்து அடுக்குமாடியின் நிழல் உங்கள் மாடியில் எத்தனை மணிக்கு விழுகிறது என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மாதாமாதம் ரீடிங் எடுத்தால் பில் குறையுமா?

எல்லோருக்கும் குறையும் என்று நினைப்பது தப்பு. மாதக் கணக்கு வந்தால் இலவசமும் 50 ஆகும், 500 எல்லை 250 ஆகும் என்று வைத்துப் பார்ப்போம். ஏப்ரலில் 240, மே மாதம் 280 ஓடிய வீட்டுக்கு இப்போது ரூ.2,208, மாதாமாதம் என்றால் ரூ.2,112. லாபம். ஏப்ரலில் 200, மே மாதம் 400 ஓடிய வீட்டுக்கு இப்போது ரூ.2,880, மாதக் கணக்கில் ரூ.2,973. நஷ்டம். உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது: ஏறுவது ஒரு மாதம் முன்பே தெரிந்துவிடும். அதைத்தான் முப்பதாவது நாள் மீட்டரைப் பார்த்து நாமே செய்துகொள்கிறோம்.

வாடகை வீடு. வீட்டுக்காரர் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார். என்ன செய்வது?

உங்கள் போர்ஷனுக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா, இல்லை அவர் இணைப்பிலிருந்து சப் மீட்டரா என்று முதலில் பாருங்கள். தனி இணைப்பு என்றால் இணைப்பு எண்ணை வாங்கிக்கொண்டு நீங்களே வாரியத்தின் இணையதளத்தில் கட்டலாம். 100 யூனிட் இலவசமும் உங்களுக்குத்தான்.

சப் மீட்டர் என்றால் எல்லா போர்ஷனும் ஓட்டியது ஒரே கணக்கில் சேரும், வீட்டுக்காரருக்கே அதிக விலைதான் விழும். அவரைக் கோபித்துக்கொள்வதற்கு முன் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மூன்று போர்ஷனும் தலா 250 யூனிட் ஓட்டினால் மொத்தம் 750. ஒரே இணைப்பில் பில் ரூ.4,298. மூன்றும் தனித்தனி இணைப்பாக இருந்தால் தலா ரூ.470, சேர்த்து ரூ.1,410. வருஷத்துக்கு 17,000 ரூபாய் வித்தியாசம். தனி வாசலும் தனிச் சமையலறையும் உள்ள போர்ஷன் என்றால் தனி இணைப்புக் கேட்டு வீட்டுக்காரர் விண்ணப்பித்துப் பார்க்கலாம். அதற்கான செலவைக் குடியிருக்கும் மூன்று வீட்டாரும் பகிர்ந்துகொள்வதாகச் சொன்னால் பேச்சு சுலபமாக முடியும். அதுவரை, பில்லைக் காட்டச் சொல்லி மொத்தத் தொகையை அவரவர் ஓட்டிய யூனிட்டுக்குத் தகுந்தபடி பிரித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கணக்கில் அது யூனிட்டுக்கு ரூ.5.73 வரும், பத்து ரூபாய் அல்ல.